ஆறரை மணிக்கு அவுக பேரு

திண்டுக்கல்
27.1.84

அன்பு மைதீன் பாய்க்கு,

சங்கரசுப்பு எழுதுகிறேன். ஒற்றைக் காலும் ஊன்றுகோலுமாக நான் நன்றாகவே இருக்கிறேன். நீரும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர் என்று தெரியாமல்தான் இந்தக் கடிதம்.

பத்தொன்பது நாளாயிற்று ஓய்! எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசினீர். "டீ ஆறுது, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். தினமும் ஆறரை மணிக்கு வழக்கம்போல ரேடியோ செட்டில் நம் ஆறு பேர் வரிசையைக் கூப்பிடுகிறேன். தஞ்சாவூர் வாத்தியார் வருகிறார். அடுத்து "சங்கரன்கோவில் மைதீன் பாய், இருக்கீரா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். வெறும் இரைச்சல். அப்புறம் தூத்துக்குடி உச்சிமாகாளியைக் கூப்பிடுகிறேன். அவன் தன் பேரைச் சொல்வதற்கு முன்னால் "பாய் வந்தாச்சா?" என்று கேட்கிறான். மின்சார வாரியத்தில் கம்பம் ஏறுகிறவனுக்கு உம் மேல் இருக்கிற பிரியத்தைப் பாரும்.

ஏரியல் கம்பி அறுந்துபோயிற்றா? வால்வு போயிற்றா? லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்துவிட்டீரா? ஆறு வருஷமாகத் தினமும் பேசுகிறோம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அதனால் இப்படி ஒரு நாள் காணோம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. லைசென்ஸ் பட்டியலில் இருந்த உம் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நிற்க. என் செட்டு நாலு நாளாக மாடு மாதிரி உறுமுகிறது. உம்மைத் தவிர யாரிடம் கேட்க? இரண்டு வரி எழுதும்.

எழுபத்து மூன்று.
உமது
சங்கரசுப்பு
(ரயில்வே தந்தி, ஓய்வு)


சங்கரன்கோவில்
3.2.84

மரியாதைக்குரிய சங்கரசுப்பு அண்ணாச்சி அவுகளுக்கு,

சேக் மைதீன் சலாம். அவுக சொல்லச் சொல்ல நான் அவுக சம்சாரம் அலிமா பீவி எழுதுதேன். நான் அஞ்சாம் கிளாஸ்தான். எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும். உங்களுக்கும் உங்க வீட்டு ஆளுகளுக்கும் அல்லா சுகத்தைக் கொடுக்கட்டும்.

அவுகளுக்குத் தொண்டையில புண்ணு. டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. அதான் பெட்டியில வர முடியல. ஏரியல் கம்பியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலையில நீங்க கூப்பிடுறது இங்கன தெளிவாக் கேக்குது.

உங்க பெட்டி உறுமுதுன்னா முதல்ல பில்டர் கண்டன்சரைப் பாக்கச் சொல்லுதாக. தலை வீங்கியிருந்தா அதான் நோக்காடாம். ஆனா பெட்டியை அணைச்ச உடனே கையை வைக்கக் கூடாதாம். கண்டன்சருக்குள்ள கரண்ட் உக்காந்திருக்குமாம். மரப்பிடி போட்ட ஸ்குரு டிரைவரை அதோட ரெண்டு காலுக்கும் குறுக்க வச்சா டப்புன்னு வெடிக்கும், அதுக்கப்புறம்தான் தொடணுமாம்.

நீங்க என்னைக்கும்போலக் கூப்பிடுங்க. பதில் வரலைன்னாலும் கூப்பிடுங்க. அவுக கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக.

எல்லாருக்கும் எண்பத்தெட்டு.
இப்படிக்கு
சேக் மைதீனுக்காக
அலிமா பீவி


சங்கரன்கோவில்
6.2.84

என் தங்கச்சி ஷம்சாத் பேகத்துக்கு,

உன் லாத்தா அலிமா சலாம். கொல்லத்துல நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா இருக்க துஆ செய்யுதேன். நான் இருக்கேன்.

நீ நாப்பது நாள் பாத்திஹாவுக்கு வர முடியாட்டி வர வேண்டாம். சின்னதுக்கு அம்மை போட்டிருக்குன்னு எழுதியிருந்த. அதைப் பாரு. நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாம இத்தா இருக்கிற வீட்டுல என்ன வேலை கிடக்கு? சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். கடைத்தெருவுக்குப் பேச்சி போறா. பக்கத்து வீட்டுல பூக் கட்டுறாளே, அவதான். லெட்டரைத் தபால் பெட்டியில போடுறதும் அவதான்.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஏசாத.

உன் மச்சான் சர்க்கார்கிட்ட லைசென்ஸ் வாங்கி வீட்டுலயே பெட்டி கட்டி, ஊர் ஊரா ஆளுககூடப் பேசுவாகன்னு உனக்குத் தெரியும். நீகூட "மச்சானுக்குக் காத்துல கூட்டாளி"ன்னு கேலி பண்ணுவ. அவுக மௌத்தாகி, அடக்கம் பண்ணி மூணாம் நாள் காலையில, ஆளுக எல்லாம் அசந்து தூங்குற நேரம், எனக்கு என்ன செய்யன்னு தெரியல. பதினெட்டு வருஷமா அந்த நேரத்துல அடுப்பைப் பத்த வைப்பேன், அவுக பெட்டியைப் போடுவாக. அன்னைக்கு அடுப்பைப் பத்த வச்சிட்டு நானே போய்க் கேக்குற பெட்டியைப் போட்டேன். வால்வு சிவந்துச்சு. இரைச்சல். அப்புறம் திண்டுக்கல் அண்ணாச்சி, "சங்கரன்கோவில் மைதீன் பாய், இருக்கீரா?"ங்காக.

ஷம்சாத், ஊர்ல எல்லாரும் "மௌத்து"ங்காக, "மையித்து"ங்காக. அந்தப் பேரைச் சொல்லி இருக்கீரான்னு கேக்குற ஆளு ஒலகத்துல அந்த அண்ணாச்சி மட்டும்தான்.

அன்னையில இருந்து தினமும் கேக்கேன். இப்ப லெட்டர் போட்டுக் கேட்டுட்டாக. நான் தொண்டைப் புண்ணுன்னு எழுதிட்டேன். நெசத்தை எழுதினா மறுநாளே அந்தப் பேரைக் கூப்பிட மாட்டாக. கண்டுபிடிச்சிருவாகளோன்னு ராத்திரி பகல் அதே நெனப்பு.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
உன் லாத்தா
அலிமா


கொல்லம்
13.2.84

லாத்தாவுக்கு ஷம்சாத் சலாம்.

சின்னவனுக்கு அம்மை இறங்கிருச்சு. தண்ணி ஊத்தியாச்சு. நீ வேளாவேளைக்குத் திங்கிறியா? "இருக்கேன்"னு ஒரு சொல்லை எழுதிட்டா எனக்குத் தெரியாதாக்கும்.

உனக்குப் புத்தி பிசகிருச்சா லாத்தா? மௌத்தான மனுசருக்குத் தொண்டைப் புண்ணுன்னு எழுதியிருக்க! நாளைக்கு அந்த ஆளுக தேன் அனுப்புவாக, மருந்து அனுப்புவாக, ஒரு நா ஆரஞ்சுப் பழத்தோட வாசல்ல வந்து நிப்பாக. அப்ப என்ன சொல்லுவ? தூங்குறாகன்னு சொல்லுவியா?

இத்தாவுல இருக்கிறவ அன்னிய ஆம்பளைக்கு லெட்டர் எழுதலாமா? அவுக குரலைத் தினம் உக்காந்து கேக்கலாமா? நான் இங்க ஓதிக் கொடுக்கிற உஸ்தாதுமாகிட்ட யாரோ ஒருத்திக்கின்னு சொல்லிக் கேட்டேன். "ரேடியோவுல செய்தி வாசிக்கிறவனும் ஆம்பளைதான, அதைக் கேக்கலியா?"ன்னு சிரிச்சுட்டாக. குரல் போகட்டும். பொய்க்கு அவுககிட்டயும் வழி இல்லை.

அடுத்த லெட்டர்லயே எழுதிரு. மச்சான் பேரு உனக்கு வேணும்னா நான் தினமும் சொல்லுதேன். நீ இங்க வந்துரு, சொல்லுதேன்.

உன்
ஷம்சாத்


திண்டுக்கல்
18.2.84

அன்பு மைதீன் பாய்க்கு,

உம் கடிதம் கிடைத்து மனசு பாதி ஆறிற்று. தொண்டையைத் துணி சுற்றி வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளும். நான் இங்கே சுகம். சர்க்கரை மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

கண்டன்சரைப் பார்த்தேன். உப்பிப் போய்த்தான் இருந்தது. நீர் சொன்னபடி ஸ்குரு டிரைவரைக் குறுக்கே வைத்தேன். வெடித்த வெடியில் என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். புதுசு போட்டதும் உறுமல் நின்றது. காலையில் எல்லாரிடமும் சொன்னேன்: "பாய் படுத்த படுக்கையிலிருந்து என் செட்டைச் சரி பண்ணிவிட்டார்." தஞ்சாவூர் வாத்தியார் நம்பவில்லை. உச்சிமாகாளி, "அவருக்குத் தொண்டைதானய்யா புண்ணு, மூளைக்கு என்ன?" என்றான்.

ஒரு காரியம் செய்யும். பேச வேண்டாம். உம் பேரைக் கூப்பிடும்போது மைக்கிலே இருக்கிற சுவிட்சை இரண்டு தரம் அமுக்கும். எங்களுக்கு டப் டப் என்று கேட்கும். நீர் இருக்கிறீர் என்று தெரிந்துகொள்வோம். அது போதும்.

எழுதித் தந்த தங்கச்சிக்கு என் வணக்கம்.

எழுபத்து மூன்று.
சங்கரசுப்பு


சங்கரன்கோவில்
29.2.84

ஷம்சாத்துக்கு லாத்தா சலாம்.

வெயில் இப்பவே ஆரம்பிச்சுட்டு. உங்க ஊர்ல மழையாமே. பிள்ளைகளை நனைய விடாத.

நீ ஏசின ஏச்சு எல்லாம் சரி. எழுதணும்னுதான் பேப்பரை எடுத்தேன். அதுக்குள்ள அண்ணாச்சி லெட்டர் வந்துருச்சு. என் மனுசர் தினம் சொல்லிக்கிட்டு இருந்ததைத்தான் எழுதினேன், அது பலிச்சு அவுக பெட்டி சரியாயிருச்சாம். அவ்வளவு சந்தோசமா எழுதியிருக்காக. அந்த மனுசருக்கு ஒரு கால் கிடையாது, சர்க்கரை வேற. இப்ப எப்படிச் சொல்ல? நீயே சொல்லு.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டேன். சுவிட்சை ரெண்டு தடவை அமுக்கச் சொல்லியிருந்தாக. போன புதன்கிழமை பேசுற பெட்டியையும் போட்டேன். "மைதீன் பாய், இருக்கீரா?"ன்னதும் அமுக்கிட்டேன். ரெண்டு தடவை. அப்புறம் அண்ணாச்சி மெதுவா, "கேட்டுது, கேட்டுது"ன்னாக. தூத்துக்குடிக்காரர் கத்தினாரு பாரு, பெட்டி கிழியிற மாதிரி. நான் முந்தானையை வாயில வச்சு அழுதேன்.

சாயங்காலம்தான் புத்திக்கு வந்துச்சு. லைசென்ஸ் அவுக பேர்ல. லைசென்ஸ் இல்லாத ஆளு அதைத் தொட்டா ஜெயில்னு அவுகளே எத்தனையோ தடவை சொல்லியிருக்காக. சர்க்கார்ல இதைக் கேக்கிறதுக்குன்னே ஆளு வச்சிருக்காகளாம்.

நான் பயந்த மாதிரியே ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு ஆளு வந்து, கூரையில இருந்து வேப்பமரத்துக்குக் கட்டின கம்பியை அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னுருக்கான். பேச்சிகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டுப் போயிருக்கான். நான் கதவு இடுக்குல காக்கிச் சட்டையை மட்டும்தான் பாத்தேன். "யாரு பேச்சி?"ன்னேன். "கம்பி பாக்க வந்தவன், அனுப்பிட்டேன்க்கா"ங்கா. பூவைக் கட்டிக்கிட்டே இருக்கா, என் முகத்தைப் பாக்க மாட்டேங்கா.

போலீஸ் வந்தா இத்தாவுல இருக்கிறவளைக் கூட்டிட்டுப் போவாகளா? யார்கிட்டயாவது விசாரிச்சு எழுது. என் பேரைச் சொல்லாத.

லாத்தா
அலிமா


திண்டுக்கல்
12.3.84

அன்பு மைதீன் பாய்க்கு,

இங்கே எல்லாரும் நலம். உம் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நீர் இரண்டு தரம் அமுக்கியது கேட்டது. இனி வேண்டாம். பேசுகிற செட்டைப் போடவே வேண்டாம். பிளக்கைக் கழற்றி வைத்துவிடும். கண்காணிப்பு நிலையத்தில் நம்மைக் குற்றம் சொல்ல யாரும் இல்லை, அதற்காகச் சொல்லவில்லை. யாரும் வரமாட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஓய்வு வேண்டும், அதற்காகத்தான்.

கேட்டுக்கொண்டு மட்டும் இரும். நான் தினமும் கூப்பிடுவேன். நீர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. ஒரு மாதம் ஆனாலும் சரி, நாலு மாதம் ஆனாலும் சரி.

தங்கச்சி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? வீட்டில் அரிசி, மண்ணெண்ணெய்க்குக் குறை இல்லையே? கூட மாட ஒத்தாசைக்குப் பெண் துணை இருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுதச் சொல்லும்.

எழுபத்து மூன்று.
சங்கரசுப்பு


சங்கரன்கோவில்
16.4.84

ஷம்சாத்துக்கு லாத்தா சலாம். உன் ரெண்டு லெட்டரும் வந்துச்சு. பதில் போடாததுக்குக் கோவிக்காத. நான் நோய்நொடி இல்லாம இருக்கேன். உன் மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி விட்டுச்சா?

போலீஸ் வரல. ஆனா என் பயம் தெளியல. அண்ணாச்சி லெட்டரை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியாது. தொண்டை எப்படி இருக்குன்னு ஒரு வரி கேக்கல ஷம்சாத். முந்தின லெட்டர்ல துணி சுத்துன்னு எழுதினவரு இப்ப நான் சாப்பிட்டேனா, அரிசி இருக்கான்னு கேக்காரு. என்னமோ தெரிஞ்சிருக்கோ? தெரிஞ்சா ஏன் தினமும் கூப்பிடுதாரு? தெரியாமதான் இருக்குன்னு காலையில நெனப்பேன். சாயங்காலம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனப்பேன். எல்லாம் சுகம், பெண் துணை இருக்குன்னு ரெண்டு வரி மட்டும் எழுதிப் போட்டேன்.

போன வாரம் மூணு நாள் பெட்டியில ஒண்ணும் கேக்கல. சரி, விசயம் தெரிஞ்சு ஆளுக விட்டுட்டாகன்னு இருந்துட்டேன். அந்த மூணு நாளும் எனக்குச் சோறு இறங்கல. அவுக மௌத்தானது அன்னைக்குத்தான் மாதிரி இருந்துச்சு. பாத்தா சூறைக் காத்துல ஏரியல் கம்பி அறுந்து கிடக்கு! நான் வெளிய போக முடியாது. பேச்சிதான் சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு வேப்பமரத்துல ஏறினா. நான் சன்னல்ல நின்னு, "கம்பியோட கம்பியை முறுக்கு, பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தா சுரண்டிட்டு முறுக்கு"ன்னு சொல்லுதேன். அவ மேல இருந்து, "எக்கா, பூக்கட்டுறவளை லைன்மேன் ஆக்கிட்டீகளே, சம்பளம் உண்டா?"ங்கா. மூணு மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

மறுநாள் ஆறரைக்குக் கூப்பிட்டாக. "இருக்கீரா?"ன்னாக.

இத்தா மே பதினஞ்சு செவ்வாக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள எழுதிருதேன். சத்தியமா எழுதிருதேன்.

லாத்தா


கொல்லம்
28.4.84

லாத்தாவுக்கு ஷம்சாத் சலாம். இடுப்பு வலி தைலம் தேச்சு விட்டுருச்சு. பிள்ளைக பெரிய பரீட்சை முடிஞ்சு லீவுல வீட்டைத் தலைகீழாக்குது.

என் மாப்பிள்ளை பதினேழாம் தேதி அங்க வருவாக. வீட்டைப் பூட்டிட்டு உன்னைக் கூட்டிட்டு வரணும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். நீ வேண்டாம்னு எழுதாத. அந்தப் பெட்டியை வேணும்கிறவுக எடுத்துக்கிடட்டும். சர்க்கார் லைசென்ஸ் இல்லாத பொருளை வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு இங்க ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு. உன் பேரைச் சொல்லல.

ஆனா கெளம்புறதுக்கு முன்னால எழுதிரு லாத்தா. நீ கொல்லத்துல வந்து உக்காந்துக்கிட்டு, அந்தக் கால் இல்லாத மனுசர் அங்க சாகிற வரைக்கும் மச்சானைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கணுமா? எனக்கு அதை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. உன்னை ஏசணும்னு எழுதல.

உன்
ஷம்சாத்


சங்கரன்கோவில்
14.5.84

மரியாதைக்குரிய சங்கரசுப்பு அண்ணாச்சிக்கு,

இந்த லெட்டரை அலிமா பீவி நானே எழுதுதேன். யாரும் சொல்லி எழுதல. நீங்க சுகமா இருக்கணும். இதைப் படிக்கும்போது உக்காந்துக்கிட்டுப் படிங்க. பக்கத்துல உங்க வீட்டு அம்மாவை வச்சுக்கிட்டுப் படிங்க.

அவுக ஜனவரி எட்டாம் தேதியே மௌத்தாயிட்டாக. உங்ககிட்டப் பேசி முடிச்சு, டீயை எடுத்தாக. குடிக்கல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவுகதான். கோமதியாபுரம் டாக்டர் வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

தொண்டைப் புண்ணு பொய். கண்டன்சர் நான் எழுதினது. சுவிட்சை அமுக்கினது நான். எல்லாம் என் தப்பு. ஏன் செஞ்சேன்னு எழுதத் தெரியல. நீங்க கூப்பிட்டீக. கூப்பிடுற மட்டும் கூப்பிடட்டும்னு விட்டுட்டேன்.

உங்க அஞ்சு பேரையும் மூணு மாசமா ஏமாத்தியிருக்கேன். மன்னிச்சாலும் சரி, மன்னிக்காட்டியும் சரி. உடம்பைப் பாத்துக்கோங்க. சர்க்கரைக்கு மாத்திரையை விட்டுராதீக.

இப்படிக்கு
அலிமா பீவி


திண்டுக்கல்
14.5.84

தங்கச்சி அலிமா பீவிக்கு,

இது நீ பிரித்துப் படிப்பதற்குள் உன் இத்தா முடிந்திருக்கும். கணக்குப் போட்டுத்தான் இன்று தபாலில் சேர்க்கிறேன். நல்லபடியாக இருக்கிறாயா அம்மா? இங்கே நாங்கள் யாரும் நல்லபடியாக இல்லை, ஆனால் உயிரோடு இருக்கிறோம்.

மைதீன் பாய் போய்விட்டார் என்று எங்களுக்குப் பிப்ரவரி மாதமே தெரியும்.

உன் முதல் கடிதத்தில் கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. நாங்கள் ஒருவருக்கொருவர் முடிக்கும்போது சொல்வது எழுபத்து மூன்று. வாழ்த்துக்கள் என்று அர்த்தம். நீ எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தாய். பாய் செத்தாலும் எனக்கு எண்பத்தெட்டு போடமாட்டார். அதை எங்கள் ஆட்கள் அவரவர் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் சொல்வார்கள். அன்பு என்று அர்த்தம். கூட இன்னொரு சொல்லும் உண்டு. அதை அண்ணன் எழுத முடியாது. நீ அதைப் பெரிய மரியாதை என்று நினைத்து எழுதியிருப்பாய். உனக்கு அது எங்கே பழக்கமானது என்று யோசித்தேன். ஒரே ஒரு இடத்தில்தான் பழகியிருக்க முடியும்.

பாய் பக்கத்தில் இருந்து எழுதச் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்தது. ரொம்ப முடியாமல் கிடக்கிறாரோ என்றுதான் நினைத்தேன். அதற்காகத்தான் சுவிட்சை அமுக்கச் சொன்னேன். நீ அமுக்கியது இரண்டு தரமும் நீளமாக இருந்தது. அது அவர் கை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சிமாகாளியை அவன் காக்கிச் சட்டையோடே அனுப்பினேன். வாசலில் பூக்கட்டுகிற பெண் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். "நாலு மாசம் பத்து நாள் அந்த அக்கா உள்ளேயே இருக்கும், அன்னிய ஆம்பளை யாரும் பேசக் கூடாது. தினம் காலையில உங்க சத்தத்தைக் கேட்டாத்தான் எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைக்குது. நான் சொன்னேன்னு சொல்லிராதீக" என்று கும்பிட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அஞ்சு பேரும் பேசி முடிவு பண்ணினோம். இத்தா முடிகிற வரை பாய் பேரை விடாமல் கூப்பிடுவது என்று. முதல் நாள் காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்துப் படித்தேன். அப்புறம் பழகிவிட்டது.

இப்போது நிறுத்த வேண்டும். எங்கள் வழக்கப்படி ஒருவர் போய்விட்டால் வரிசையில் அவர் முறை வரும்போது அறிவித்து, வரிசையிலிருந்து பேரை எடுத்துவிட வேண்டும். செவ்வாயோடு நிறுத்துவதாகத்தான் பேச்சு. இப்போது ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. உச்சிமாகாளி, "அந்தம்மா கேட்டுக்கிட்டு இருக்கும்ய்யா, எப்படிச் சொல்ல?" என்கிறான். நீ சொன்னால் நிறுத்துகிறோம். தொடரச் சொன்னால் தொடர்கிறோம்.

உன் அண்ணன்
சங்கரசுப்பு


சங்கரன்கோவில்
19.5.84

சங்கரசுப்பு அண்ணாச்சிக்கு அலிமா பீவி எழுதுறது.

நான் உயிரோட இருக்கேன். இந்த லெட்டரை நானே நடந்து போய்ப் போடப் போறேன்.

நம்ம ரெண்டு லெட்டரும் வழியில ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போயிருக்கு. உங்களுது புதன்கிழமை வந்துச்சு. படிச்சேன். பேச்சியைக் கூப்பிட்டு ஏசினேன். அவ, "ஆமாக்கா, சொன்னேன். என்ன செய்வீக, பூ வாங்க மாட்டீகளா?"ன்னுட்டு என்கூட உக்காந்து அழுதா.

எனக்கு உங்க மேல கோவம் அண்ணாச்சி. எழுதாம இருக்க முடியல. பொய் சொன்னது நான். ஆனா நம்புன மாதிரி இருந்தது நீங்க. தெரியும்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் இந்த மூணு மாசம் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். காக்கிச் சட்டை தெருவுல போனாக்கூடக் கதவைச் சாத்தினேன். நெசத்தைச் சொன்னா நீங்க செத்துருவீகளோன்னு பயந்தேன். நீங்க அங்கன இருந்துக்கிட்டு, நான் செத்துருவேன்னு பயந்திருக்கீக. நல்ல கூத்து.

ஆனா வேற யாரும் அதைச் செஞ்சிருக்க மாட்டாக. அதையும் எழுதிருதேன்.

எண்பத்தெட்டைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். கடைக்குக் கெளம்பும்போது வாசல்ல நின்னு தினமும் அதைச் சொல்லிட்டுத்தான் போவாக. நான் அடுப்படியில இருந்து, "சரி சரி, வரும்போது புளி வாங்கிட்டு வாங்க"ம்பேன். பதினெட்டு வருஷம். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத மாட்டேன்.

தங்கச்சி மாப்பிள்ளை வந்து கொல்லத்துக்குக் கூப்பிட்டாக. வர்ற வெள்ளிக்கிழமைக்குப் பெறகு வாரேன்னு சொல்லி அனுப்பிட்டேன். பேசுற பெட்டியை உச்சிமாகாளித் தம்பி வந்து எடுத்துக்கிடட்டும். லைசென்ஸ் உள்ள கையில இருக்கட்டும். பட்டப்பகல்ல வரச் சொல்லுங்க, சோறு ஆக்கி வைக்கேன். கேக்குற பெட்டியைத் தர மாட்டேன்.

நீங்க என்னைக் கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன்.

இன்னைக்குக் காலையிலகூடக் கூப்பிட்டீக. கேட்டேன். முன்னாடி மாதிரி இல்லை. நீங்க எனக்காகக் கூப்பிடுறீக, நான் உங்களுக்காகக் கேக்கேன். அவுக அதுல இல்லை. போதும்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு, தஞ்சாவூர் வாத்தியாருக்கு அப்புறம், அவுக முறையில அவுக பேரைச் சொல்லுங்க. சேக் மைதீன் மௌத்தாயிட்டார்னு சொல்லுங்க. உங்க ஆளுக வழக்கத்துல என்ன சொல்லு இருக்கோ எனக்குத் தெரியாது, அதை வேணும்னா பின்னால சொல்லிக்கோங்க. எனக்குப் புரியிற மாதிரி தமிழ்ல முதல்ல சொல்லுங்க. குரல் நடுங்கினா நடுங்கட்டும்.

மறுநாள் சனிக்கிழமை தஞ்சாவூர் முடிஞ்சதும் நேரா தூத்துக்குடியைக் கூப்பிடணும். நடுவுல நிக்கக் கூடாது அண்ணாச்சி. ஒரு நொடி நின்னாலும் எனக்கு இங்கன கேக்கும்.

அலிமா பீவி